காற்றில் வரைந்த கட்டம்



சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கு இணையாக ரேஸ் கோர்ஸ் சாலை என்றொரு சாலை ஓடுகிறது. தேக்காவுக்குச் செல்பவர்கள் வாழையிலைச் சாப்பாட்டுக்காகவும் கோயில் வழிபாட்டுக்காகவும் அந்தச் சாலையில் கால் வைத்திருப்பார்கள். பெயர்ப் பலகையில் பந்தயத் திடல் இருக்கிறது, குதிரைகளைத்தான் காணோம். 1840களில் தொடங்கி 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த இடம் அது. பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறிய பிறகு அந்நிலம் பொது விளையாட்டுத் திடலாயிற்று. நகராண்மைக் கழகத் தலைவராக இருந்த ஃபேரர் என்பாரின் பெயரால் அது ஃபேரர் பார்க் என வழங்கலாயிற்று.

திடல் என்றால் கோடு வேண்டும். காற்பந்துக்குச் சுண்ணாம்புக் கோடு, சடுகுடுவுக்கு நடுக்கோடு, கிளித்தட்டுக்குக் குச்சியால் கீறிய கோடு. கோட்டைத் தாண்டினால் தாண்டியவனே ஒப்புக்கொள்ள வேண்டும். மண்ணில் கால் தடம் இருக்கும். ஆனால் உலகில் புகழ்பெற்ற ஓர் ஆட்டத்தில் மிக முக்கியமான கோடு மண்ணில் இல்லை, காற்றில் இருக்கிறது. சுண்ணாம்பும் கயிறும் அதற்குக் கிடையாது. நடுவரின் மனத்தில் மட்டும் வரையப்பட்ட ஒரு கட்டம் அது. அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் ‘ஸ்ட்ரைக் ஸோன்’ என்று அழைக்கப்படும் கட்டத்தைத்தான் சொல்கிறோம். அந்தக் கட்டம் எப்படிப் பிறந்தது, ஏன் அடிக்கடி மாறியது, அதனால் நாம் அறியத்தக்கது என்ன என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘ஸ்ட்ரைக்’ என்றதும் தோட்டத்து மக்களுக்கு நினைவு வருவது வேலை நிறுத்தம். 1768இல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலி கேட்டுப் போராடியபோது கப்பலின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாயை இறக்குவதற்கு ஆங்கிலத்தில் இருந்த சொல்தான் பிறகு வேலை நிறுத்தத்துக்கும் பெயராயிற்று. கேரம் பலகையில் காயைத் தள்ளும் வில்லைக்கு ஸ்ட்ரைக்கர் என்கிறோம். அங்கே அதற்கு அடித்தல் என்பது பொருள். பேஸ்பாலிலோ இச்சொல் ஒரு விந்தையைச் செய்கிறது. மட்டை பிடித்தவர் பந்தை அடிக்கத் தவறினால் நடுவர் ‘ஸ்ட்ரைக்’ என்கிறார். மட்டையை அசைக்காமலே நின்றாலும், பந்து அந்தக் கட்டத்தின் வழியே சென்றிருந்தால், அப்போதும் ‘ஸ்ட்ரைக்’ என்கிறார். அடிக்காததற்கு ‘அடி’ என்று பெயர் வந்தது எப்படி?

இதற்கு விடை காண அமெரிக்காவுக்குப் போக வேண்டும். ஆனால் போகும் வழியில் பாலஸ்டியர் சாலையில் சற்று நின்று போகலாம். சிராங்கூன் சாலையோடு சேரும் அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்தவர் ஜோசப் பாலஸ்டியர் என்னும் அமெரிக்கர். சிங்கப்பூரில் அமெரிக்க நாட்டின் முதல் கான்சலாக இருந்தவர். அப்பகுதியில் கரும்புத் தோட்டம் போட்டு நட்டப்பட்டவர். அவருடைய மனைவி மரியா, அமெரிக்க விடுதலைப் போர் வரலாற்றில் பெயர் பெற்ற பால் ரிவியரின் மகள். அந்த அம்மையார் 1843இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு வழங்கிய வெண்கல மணி இப்போது சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது.

பாலஸ்டியர் இங்கே கரும்பு நட்டுக்கொண்டிருந்த அதே 1840களில்தான் அவருடைய தாய்நாட்டில் பேஸ்பால் விதிகள் எழுத்தில் ஏறின. 1845இல் நியூயார்க் நகரத்து நிக்கர்பாக்கர் கழகத்தார் எழுதிய விதிகளில் நாம் தேடும் கட்டம் இல்லை. மூன்று முறை மட்டையை வீசித் தவறினால் ஆட்டம் இழக்க நேரும், அவ்வளவுதான். பந்தை எறிபவர் அன்று எதிரியைப் போல எறியவில்லை. கையைத் தாழ்த்தி, அடிப்பதற்கு வாகாகப் பந்தை அனுப்பிக் கொடுப்பதே அவர் வேலை. ஆட்டம் என்பது அடித்த பிறகு தொடங்குவதாகவே கருதப்பட்டது.

ஆனால் வெற்றி தோல்வி பெரிதாகத் தோன்றத் தொடங்கியதும் மனிதன் விதியின் சந்துகளைத் தேடுகிறான். ‘மட்டையை வீசினால்தானே தவறு? வீசாமலே நின்றால்?’ என்று மட்டையாளர்கள் எண்ணினார்கள். பிடித்தமான பந்து வரும்வரை நல்ல பந்துகளையெல்லாம் விட்டுவிட்டு நின்றார்கள். ஆட்டம் நகரவில்லை, பொழுது சாய்ந்தது, பார்க்க வந்தவர்கள் சலித்தார்கள். ஆகவே 1858இல் ஒரு புதிய விதி வந்தது. நல்ல பந்தை வேண்டுமென்றே அடிக்காமல் விடுபவரை நடுவர் எச்சரிக்கலாம். மேலும் விட்டால், அவர் மட்டையை வீசித் தவறியதாகவே கணக்கு வைக்கலாம். இதுதான் நடுவர் கூறும் ‘ஸ்ட்ரைக்’. ‘நீ அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை, ஆகையால் அடித்துத் தவறியவனாகவே உன்னைக் கொள்வோம்’ என்பது அதன் பொருள். அடிக்காததற்கு ‘அடி’ என்று பெயர் வந்த வரலாறு இதுவே. அதே 1858இல்தான் நியூயார்க் அருகே ஃபேஷன் பந்தயத் திடலில் நுழைவுக் கட்டணம் வைத்து முதன்முதலாகப் பேஸ்பால் ஆட்டம் நடந்தது. குதிரை ஓடிய திடலில் மனிதர் பந்தாடினார்கள். ஃபேரர் பார்க்கின் கதையும் இதுதான் அல்லவா?

ஒரு பக்கத்துக்குக் கடிவாளம் போட்டால் மறு பக்கம் துள்ளும். இப்போது பந்தெறிபவர்கள் எட்டாத பந்துகளை வீசி மட்டையாளரை ஏமாற்றப் பார்த்தார்கள். எனவே 1864 முதல் அவர்களுக்கும் தண்டனை வந்தது. கெட்ட பந்துக்கு நடுவர் ‘பால்’ என்று கூறுவார். குறித்த எண்ணிக்கை சேர்ந்தால் மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அந்த எண்ணிக்கை 1879இல் ஒன்பதாக இருந்தது. படிப்படியாகக் குறைந்து 1889இல் நான்காயிற்று. இன்றும் நான்கு ‘பால்’, மூன்று ‘ஸ்ட்ரைக்’ என்பதே கணக்கு.

இருவருக்கும் தண்டனை வந்துவிட்டது. நல்ல பந்து எது, கெட்ட பந்து எது என்று யார் சொல்வது? 1871 முதல் 1886 வரை வேடிக்கையான ஒரு வழக்கம் இருந்தது. மட்டையாளர் வந்து நின்றதும், ‘எனக்கு உயரமான பந்து வேண்டும்’ என்றோ ‘தாழ்வான பந்து வேண்டும்’ என்றோ கேட்கலாம். கடையில் சரக்குக் கேட்பதுபோலக் கேட்கலாம். எறிபவர் அப்படியே தர வேண்டும். 1887இல் அந்தச் சலுகை எடுக்கப்பட்டது. தோளின் மேற்பகுதியிலிருந்து முழங்காலின் கீழ்ப்பகுதி வரை, தளத்தின் அகலத்துக்கு உட்பட்ட பந்தெல்லாம் நல்ல பந்து என்று வரையறுத்தார்கள். காற்றில் கட்டம் பிறந்தது.

அந்தக் கட்டத்தின் அளவை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நன்று. மட்டையாளருக்கு முன்னே தரையில் பதித்திருக்கும் ஐங்கோணத் தகட்டின் அகலம் 17 அங்குலம், அதாவது ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். கட்டத்தின் அகலம் அதுவே, எல்லோருக்கும் பொது. உயரமோ ஆளுக்கு ஆள் மாறும். தோள், மார்பு, முழங்கால் என்று அவரவர் உடம்பே அளவுகோல். பந்தின் ஒரு விளிம்பு கட்டத்தைத் தொட்டாலும் ‘ஸ்ட்ரைக்’தான். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, எறிந்தவர் கையைவிட்டு மட்டையாளரை அடைய அரை நொடிகூட ஆவதில்லை. கண் இமைக்கும் நேரத்தில், இல்லாத கட்டத்தின் விளிம்பைப் பந்து தொட்டதா என்று நடுவர் கூற வேண்டும்.

நம் பிள்ளைகள் பேஸ்பால் ஆடாவிட்டாலும் இதன் உறவினர்களை அறிவார்கள். பள்ளித் திடலில் ஆடும் ரவுண்டர்ஸ் ஆட்டத்தில் பந்து தலைக்கு மேலோ முழங்காலுக்குக் கீழோ போனால் அது ‘நோ பால்’ என்று அவர்களுக்குத் தெரியும். 2015இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் இடம்பெற்ற சாப்ட்பாலிலும் இதுபோன்ற கட்டம் உண்டு. எல்லாவற்றையும்விட நெருங்கிய உறவு கிரிக்கெட்டில் இருக்கிறது.

பாலஸ்டியர் சாலைக்குத் திரும்புவோம். அமெரிக்கரின் பெயரைச் சுமக்கும் அந்தச் சாலையோரத்தில் கிரிக்கெட் வேரூன்றியது. பாடாங் திடலில் 1852இல் தோன்றிய சிங்கப்பூர் கிரிக்கெட் கழகம் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் ஐரோப்பியருக்கு உரியதாக இருந்தது. அதே திடலின் மறுகோடியில் 1883இல் யூரேசியர் தம் பொழுதுபோக்குக் கழகத்தை அமைத்தனர். 1923இல் தோன்றிய இந்தியர் சங்கமும், இலங்கையர் நடத்திய விளையாட்டுக் கழகமும் பாலஸ்டியர் வட்டாரத்தில் இடம் கண்டன. இந்தியர் சங்கக் கட்டடத்துக்கு 1950இல் அடிக்கல் நாட்டியவர் பண்டித நேரு. ஆக, திடலுக்குள்ளே இருந்த கோடுகளைப் போலவே திடல்களுக்கு இடையிலும் அந்நாளில் கோடுகள் இருந்தன. யார் எந்தத் திடலில் ஆடலாம் என்ற கோடு எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கோடு அழிந்துவிட்டது. பாடாங் திடல் 2022இல் நாட்டின் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அந்தத் திடல்களிலெல்லாம் மிகுதியாக வாக்குவாதம் கிளப்பிய விதி எது? காலில் பந்து பட்டு ஆட்டம் இழக்கும் விதிதான், ‘எல்.பி.டபிள்யூ.’ என்று சிறுவரும் கூவும் விதி. கிரிக்கெட்டில் இவ்விதி 1774இல் தோன்றியது. மட்டைக்குப் பதிலாகக் காலை நீட்டி ஸ்டம்பைக் காத்துக்கொள்ளும் தந்திரத்தை அடக்க வந்தது. தந்திரமும் அதை அடக்கும் விதியும் மாமியாரும் மருமகளும்போல ஒன்றையொன்று கண்காணித்தபடியே வளர்ந்தன. ஆஃப் பக்கத்துக்கு வெளியே விழுந்து உள்ளே திரும்பும் பந்துக்கும் ஆட்டம் இழக்கலாம் என்று 1935இல் சோதனையாகச் சேர்த்து, 1937இல் நிலையாக்கினார்கள்.

இரண்டு விதிகளையும் அருகருகே வைத்தால் ஒரு நுட்பம் புலப்படும். கிரிக்கெட் நடுவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: ‘கால் குறுக்கே இல்லாதிருந்தால் பந்து எங்கே போயிருக்கும்?’ பேஸ்பால் நடுவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: ‘இந்தப் பந்தை இவர் அடித்திருக்க வேண்டுமா?’ முன்னவர் நடக்காத ஒன்றைக் கற்பனை செய்கிறார். பின்னவர் செய்யாத ஒரு கடமையை எண்ணிப் பார்க்கிறார். இருவருக்கும் சாட்சி இல்லை. தம் கண்ணும் மனமுமே துணை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கிரிக்கெட்டின் ஸ்டம்பு எல்லோருக்கும் ஒரே அளவு: உயரம் 28 அங்குலம், அகலம் 9 அங்குலம். நெட்டையரும் குட்டையரும் அதையே காக்க வேண்டும். பேஸ்பாலின் கட்டமோ ஆளுக்கேற்ற சட்டைபோல் தைக்கப்படுகிறது. எது நீதி? எல்லோருக்கும் ஒரே அளவா, அவரவர்க்கு ஏற்ற அளவா? இந்தக் கேள்வியை ஒரு நிகழ்ச்சி அமெரிக்கர் முன் வேடிக்கையாக வைத்தது. 1951 ஆகஸ்ட் 19ஆம் நாள் செயின்ட் லூயி நகரத்தில், பிரௌன்ஸ் அணியின் உரிமையாளர் பில் வீக், எடி கெய்டல் என்பவரை மட்டையோடு இறக்கினார். கெய்டலின் உயரம் 3 அடி 7 அங்குலம். அவருடைய கட்டமோ ஒரு சாண் அளவுக்குச் சுருங்கிவிட்டது. எறிபவர் நான்கு பந்தும் தலைக்கு மேலே எறிந்தார், நான்கு ‘பால்’, கெய்டல் முதல் தளத்துக்கு நடந்தார். கூட்டம் ஆரவாரித்தது. சங்கத் தலைவரோ உடனே அவருடைய ஒப்பந்தத்தைச் செல்லாதென்று தள்ளிவிட்டார்.

அன்று சிரித்தவர்கள் பலர். ஆனால் எண்ணிப் பார்த்தால் விதியை மீறியவர் எவரும் இல்லை. கெய்டல் தம் உடம்பின் அளவுக்குரிய கட்டத்தோடுதான் நின்றார். ஆளுக்கேற்ற அளவு என்று எழுதிய விதி, மிகச் சிறிய ஆள் ஒருவர் வந்து நின்றதும் அவருக்குக் கதவடைத்துவிட்டது. தோட்டப் பள்ளிகளில் கற்பிக்கும் நமக்கு இது அயலார் கதையாகத் தோன்றுவதில்லை. விடியுமுன் தாய் தந்தையர் பால்வெட்டுக்குச் சென்றுவிட, தம்பி தங்கையரைக் குளிப்பாட்டிவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைக்கும், விளக்கும் மேசையும் தனி அறையும் உள்ள பட்டணத்துப் பிள்ளைக்கும் தேர்வுத்தாள் ஒன்றுதான். தாள் ஒன்றாக இருக்கட்டும், அது ஸ்டம்பு. ஆனால் அந்தத் தாளுக்கு முன் வந்து நிற்கும்வரை ஒவ்வொரு பிள்ளையின் கையெட்டும் அளவறிந்து பந்து போடுவது ஆசிரியர் கடமை. அது கட்டம். இரண்டும் தேவை, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை வைப்பதால்தான் அநீதி பிறக்கிறது.

கட்டம் ஒருமுறை வரைந்ததோடு நின்றுவிடவில்லை. 1950இல் அக்குளிலிருந்து முழங்காலின் மேற்பகுதி வரை என்று சுருக்கினார்கள். 1963இல் மீண்டும் தோள் முதல் முழங்காலின் அடிவரை விரித்தார்கள். விளைவு என்ன? எறிபவர் கை ஓங்கியது. 1968ஆம் ஆண்டை ‘எறிபவர் ஆண்டு’ என்றே குறிப்பிடுகிறார்கள். அவ்வாண்டு அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்ற மட்டையாளர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி .301 மட்டுமே. பத்து முறைக்கு மூன்று முறை அடித்தவர்தான் அங்கே முதல்வர்! மறு ஆண்டே கட்டத்தைக் குறுக்கினார்கள். எறிபவர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகத் தாழ்த்தினார்கள். 1988இலும் 1996இலும் மேலும் திருத்தம் வந்தது. துலாக்கோலின் ஒரு தட்டு தாழும்போது மறு தட்டில் எடை போடுவதே இத்திருத்தங்களின் உட்பொருள்.

சொல்லை மாற்றினால் கட்டம் மாறுமா? வரலாறு அதையும் சோதித்தது. 1942 பிப்ரவரி 17ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், பல்லாயிரக்கணக்கான இந்தியப் படைவீரர்கள் ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் வரலாறு அத்திடலோடு பின்னியது. நகரத்துக்கே சியோனான் என்று பெயர் மாறியது. அதே காலத்தில் ஜப்பான் தன் நாட்டில் பகைவர் மொழியான ஆங்கிலத்தைப் பேஸ்பாலிலிருந்தும் விலக்கியது. 1943இல் ‘ஸ்ட்ரைக்’ என்பதற்குப் பதிலாக ‘யோஷி’ என்று நடுவர்கள் கூற வேண்டியதாயிற்று. ‘நன்று’ என்பது அதன் பொருள். பகைவர் ஆட்டத்தை விடவில்லை. பகைவர் சொல்லை மட்டும் விட்டார்கள். போர் முடிந்ததும் பழைய சொல் திரும்பியது. சியோனான் மறுபடியும் சிங்கப்பூராயிற்று. கட்டம் மட்டும் அன்றும் இன்றும் தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

நம் காலத்தில் நடுவரின் தோளருகே பொறி வந்து நிற்கிறது. கிரிக்கெட்டில் 2008இல் இலங்கையில் இந்திய அணி ஆடிய டெஸ்ட் தொடரில் நடுவர் முடிவை மறு ஆய்வு செய்யும் முறை சோதிக்கப்பட்டது. மறு ஆண்டு முறைப்படி நடைமுறைக்கு வந்தது. பேஸ்பாலில் தென்கொரியாவின் முதல்நிலைப் போட்டிகள் 2024இல் ஒவ்வொரு பந்தையும் பொறியின் கணிப்புக்கே விட்டன. அமெரிக்கப் பெரும் போட்டிகளில் 2026 முதல் நடுவர் கூறுவார். ஐயமுள்ள ஆட்டக்காரர் தலையைத் தட்டி முறையிடலாம். பொறி தீர்க்கும் என்று 2025இல் முடிவாயிற்று. பொறிக்குத் தோளும் முழங்காலும் தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே மட்டையாளர் உயரத்தில் 27 விழுக்காட்டிலிருந்து 53.5 விழுக்காடு வரை கட்டம் என்று வகுத்தார்கள்.

மாணவர்களே, இதை நீங்களே கணக்கிடலாம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குக் கட்டம் தரையிலிருந்து 43.2 சென்டிமீட்டரில் தொடங்கி 85.6 சென்டிமீட்டரில் முடியும். 120 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு 32.4இல் தொடங்கி 64.2இல் முடியும். பள்ளிச் சுவரில் சுண்ணாம்பால் இரண்டு கட்டங்களையும் வரைந்து பாருங்கள். காற்றில் உள்ளதைச் சுவரில் கண்டால் கணக்கும் விளையும், விளையாட்டும் விளங்கும்.

பொறி வந்தபின் நடுவர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பொறி அளக்கும், ஆனால் எதை அளப்பது என்று அதற்குச் சொன்னவர்கள் மனிதர்கள். 27 விழுக்காடா, 30 விழுக்காடா என்பதைப் பொறி கண்டுபிடிக்கவில்லை. ஆடுவோரும் ஆட்டுவிப்போரும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். ‘அடித்திருக்க வேண்டிய பந்து எது?’ என்ற 1858ஆம் ஆண்டுக் கேள்விக்கே இன்றும் விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கிரிக்கெட்டின் மறு ஆய்விலும், பந்து ஸ்டம்பின் ஓரத்தைச் சற்றே தொடும் என்று பொறி காட்டும்போது திடல் நடுவர் சொன்னதே நிற்கும் என்று வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நேயர்களே, ஸ்ட்ரைக் ஸோன் என்பது ஓர் உடன்படிக்கை. வாய்ப்பு வந்தபோது கை கட்டி நிற்பதும் ஒரு செயலே, அதற்கும் கணக்கு உண்டு என்பது அதன் முதல் விதி. கைக்கு எட்டாததைக் கொடுத்துவிட்டு எட்டவில்லை என்று பழி சொல்லக் கூடாது என்பது அதன் இரண்டாம் விதி. முதலாவது பிள்ளைகளுக்கு, இரண்டாவது பெரியவர்களுக்கு. இரண்டையும் ஒன்றாக நினைவில் கொண்டால், ஃபேரர் பார்க்கிலானாலும் தோட்டத்துத் திடலிலானாலும் ஆட்டம் நேராக நடக்கும்.